வாய்க்கால்கரை மருத மரமும் தஞ்சாவூர் மரப் பராமரிப்புக் குழுவும்

திருவிடைமருதூருக்குக் கிழக்கே, எங்கள் பூர்விக வீட்டுக் கொல்லை முடிந்து பாசன வாய்க்காலின் கரை தொடங்கும் இடத்தில், அடிமரம் 14 அடி சுற்றளவு கொண்ட மருத மரம் ஒன்று நிற்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்பகுதித் தோப்புகளைச் சாய்த்தபோது, இங்கு வீசிய காற்றில் இந்த மரம் ஒரு கிளையை மட்டுமே இழந்தது. ஆனால் கடந்த மூன்று ஆண்டுகளில் அதன் உச்சிக் கிளைகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. துளிர்த்த இலைகளும் சிறுத்து வெளிறின. முதலில் வந்து பார்த்த ஒருவர், மேற்பகுதியை மொட்டையடித்து, பொந்தில் சிமெண்டை நிரப்ப வேண்டும் என்றார். மகாலிங்க சுவாமி கோயிலின் தல விருட்சமே மருதமாக இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் வாழ்ந்துகொண்டு அதற்குச் சம்மதிக்க எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகுதான் தஞ்சாவூரிலிருந்து மூவர் கொண்ட மரப் பராமரிப்புக் குழு ஒன்றை அழைத்தேன். நான் தொலைபேசியில் பேசியது மாசி மாதம். மருதம் இயல்பாகவே இலையுதிர்க்கும் அந்தப் பருவத்தில் பார்த்தால் பட்ட கிளை எது, உறங்கும் கிளை எது என்று பிரித்தறிவது கடினம் என்று விளக்கி, சித்திரைத் துளிர் வந்த பின் வருவதாகச் சொன்னார்கள். பணம் வாங்கும் அவசரம் இல்லாத அந்தப் பதிலிலேயே எனக்கு நம்பிக்கை பிறந்தது.

வந்தவர்கள் அண்ணாந்து பார்ப்பதற்கு முன்பு குனிந்து பார்த்தார்கள். முதிர்ந்த மரத்தின் தூர் மண்ணை நெருங்கும்போது யானைப் பாதம்போல் விரிய வேண்டும். எங்கள் மரமோ மண்ணில் நட்ட கம்பம்போல் நேராக இறங்கியது. வாய்க்காலைத் தூர்வாரிய ஒவ்வொரு முறையும் அள்ளிய களிமண்ணைக் கரையிலேயே, மரத்தைச் சுற்றிக் கொட்டியிருக்கிறார்கள். நாங்களும் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டோம். நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் ஒன்றரை அடிக்குள்தான் பரவியிருக்கும் என்பதும், அவற்றின்மேல் இறுகும் களிமண் காற்றை அடைத்துவிடும் என்பதும், அப்படி அழுகும் வேரின் பாதிப்பு உச்சியில்தான் முதலில் தெரியும் என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கின.

மரச்சுத்தியால் அடிமரத்தைச் சுற்றித் தட்டி, ஒலி மாறும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்தார்கள். பொந்து இருப்பதால் மட்டும் மரம் சாகாது என்றும், உயிருள்ள பகுதி வெளிவளையத்தில்தான் இருக்கிறது என்றும் சொன்னார்கள். கஷாயத்துக்காக யார் யாரோ பட்டை உரித்துச் சென்ற கிழக்குப் பக்கத்தில்தான் அதிக நேரம் நின்றார்கள். பட்டையைச் சுற்றிலும் முழுமையாக உரித்திருந்தால் இலையில் உண்டான உணவு வேருக்கு இறங்க வழியின்றி மரம் பட்டினியால் மாண்டிருக்கும். நல்லவேளையாக மேற்குப் பக்கம் பழுதின்றி இருந்தது. கிழக்கிலும் உள்பட்டை மிஞ்சிய இடங்களில் புதுப்பட்டை வளரத் தொடங்கியிருந்தது.

சிகிச்சை நான்கு நாள் நடந்தது. பொக்லைனைக் கரைக்கே வரவிடாமல், மண்வெட்டியாலும், வேரை நெருங்கியதும் மூங்கில் குச்சியாலும், இரண்டடிக்கு மேல் மூடியிருந்த மண்ணை அகற்றினார்கள். மூன்றாம் நாள், அடிமரமும் வேரும் சேரும் வேர்க்கழுத்து வெளிப்பட்டபோது கிளம்பிய புளித்த சேற்று வாடை இன்னும் என் நினைவில் இருக்கிறது. பட்ட கிளைகளை மட்டும், கிளை தொடங்கும் இடத்துத் தடிப்பைச் சிதைக்காமல் அறுத்தார்கள். வெட்டுவாயில் தார் பூசவில்லை. நான் வாங்கி வைத்திருந்த யூரியா மூட்டையையும் திருப்பித் தரச் சொன்னார்கள், ஏனெனில் வேர் நொந்திருக்கும் மரத்தை உரமிட்டுத் துளிர்க்க வைப்பது மரத்தில் சேமிப்பாக இருக்கும் சத்தையும் கரைத்துவிடும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்து சேரும்வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை, கிளைவிரிவின் விளிம்பை ஒட்டி, மெதுவாக நீர் விடச் சொன்னார்கள்.

குறைகளும் உண்டு. கிளையறுக்க ஏறியவர் ஆணி பொருத்திய காலணியோடு ஏறியதால், நல்ல பட்டையில் ஏழெட்டு இடங்களில் காயம் விழுந்தது. உயிரோடு இருக்கும் மரத்தில் கயிறு கட்டித்தான் ஏற வேண்டும். மண்ணின் ஈரம் காக்கப் பரப்பும் மூடாக்கு இலைகளை அடிமரத்தோடு சேர்த்துக் குவித்துவிட்டுப் போனதால், ஈரம் பட்டையில் தங்கும் என்று அஞ்சி நானே ஒரு முழம் தள்ளி ஒதுக்கினேன். எழுத்து அறிக்கை ஒரு மாதம் தாமதமாக வந்தது. ஆய்வுக்கும் வேலைக்குமாக 18,000 ரூபாய் ஆனது. அது சிறிய தொகையில்லை என்றாலும், மண்ணைக் கையால் தோண்டிய உழைப்பைக் கண்ணால் பார்த்த எனக்கு அது நியாயமாகவே பட்டது.

இந்தச் சித்திரையில் உச்சிக்குக் கீழே, தெற்குக் கிளைகளில், உள்ளங்கை நீளத்துக்கு மேல் இலைகள் வந்திருக்கின்றன. வடக்குக் கிளை ஒன்று மட்டும் துளிர்க்கவில்லை. முழுமையாகத் தேற சில ஆண்டுகள் ஆகலாம் என்று குழுவினர் முன்னரே எச்சரித்திருந்தார்கள். ஐப்பசி மழைக்கு முன்பு அந்த வடக்குக் கிளையைப் பார்க்க மறுபடியும் அவர்களையே வரச் சொல்லியிருக்கிறேன், ஆணிக் காலணி வேண்டாம் என்ற நிபந்தனையோடு.