மதுரை வெயிலில் ஃப்ளாட்வவுண்ட்: கட்டுப்படியாகும் பேஸ் கம்பிகளைத் தேர்ந்தெடுத்த அனுபவம்

பேஸ் கிட்டாருக்கு ஃப்ளாட்வவுண்ட் கம்பி மாட்ட ஆசைப்பட்டு, விலையைப் பார்த்ததும் பின்வாங்கிவிடும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துத் திருவிழா மேடைகளில் ஆர்கெஸ்ட்ராவுக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரையில் தேவாலயப் பாடகர் குழுவுக்கும் வாசிக்கிறேன். சில ஆண்டுகளாக என் கிட்டாரில் இவ்வகைக் கம்பிகளே இருக்கின்றன. ஒரு செட் மலிவா, விலை அதிகமா என்பதை அது எத்தனை காலம் சுருதி பிசகாமல் உழைக்கிறது, நம் கிட்டாரின் கழுத்து அதன் இழுவிசையைத் தாங்குகிறதா என்ற இரண்டையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்பது இத்தனை நாள் வாசிப்பில் எனக்கு உறுதியாகிவிட்ட கருத்து.

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஃகு நடுக்கம்பியின் மேல் உருண்டைக் கம்பியைச் சுற்றினால் அது ரவுண்ட்வவுண்ட். பட்டையான நாடாக் கம்பியைச் சுற்றினால் ஃப்ளாட்வவுண்ட். 1951-இல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் வந்தபோது ஃப்ளாட்வவுண்ட்தான் வழக்கம். 1960-களில் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தின் ரவுண்ட்வவுண்ட் கம்பிகள் பரவிய பிறகே பளீரென்ற ஒலி பொதுவானது. அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனப் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தம் 1962-ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸில் 52 முதல் 110 வரை தடிமனுள்ள (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில்) லா பெல்லா ஃப்ளாட்வவுண்ட் கம்பிகளை மாட்டியிருந்தார். அறுந்தால் ஒழிய அவர் கம்பி மாற்றுவதில்லை.

எங்கள் கச்சேரிகளில் பெரும்பகுதி, பண்ணைப்புரத்துக்காரரான இளையராஜாவின் 1980-களின் பாடல்கள். அவற்றில் பேஸ் தாளத்துக்குத் துணைபோவதோடு நில்லாமல், தனியொரு மெட்டாகப் பாட்டுக்கு இணையாக நடந்துவரும். அந்த நடையை மேடையில் கொண்டுவர ஒவ்வொரு சுரமும் உருண்டு திரண்டு விழ வேண்டும். சுரத்துக்குச் சுரம் தாவும்போது விரல் உரசும் கீச்சொலி குறுக்கே வரக் கூடாது. பட்டைக் கம்பியில் மேலொலிகள் குறைந்து அடிநாதம் முன்னுக்கு நிற்பதால், டோலக், தபேலா, ரிதம் பேடு ஆகியவற்றின் நடுவே பேஸ் தனக்கான இடத்தில் அமர்ந்துகொள்கிறது.

நம் ஊருக்கு இது பொருந்துவதற்கு ஒலியைவிடப் பெரிய காரணம் வியர்வை. பங்குனி, சித்திரையில் தொடங்கும் திருவிழாக் காலம் முழுவதும், இரவு பத்து மணிக்கும் புழுக்கம் குறையாத மேடையில், போகஸ் விளக்குகளின் அனலுக்கு நேரெதிரே நின்று, எதிரே கூட்டம் கிளப்பும் புழுதியில் வாசிக்கிறோம். ரவுண்ட்வவுண்ட் கம்பியின் சுற்றுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் வியர்வையும் தோல் அழுக்கும் புழுதியும் சேர்ந்து இறுகிவிடுகின்றன. ஒரு திருவிழாக் காலம் முடிவதற்குள் கம்பி செத்துப்போய், பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) மேலே சுருதியும் பிசகுகிறது. வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்து எடுத்தால் சில நாள் உயிர் வரும். பிறகு பழைய கதைதான். பட்டைக் கம்பியில் அழுக்கு தங்கும் பள்ளங்கள் அநேகமாக இல்லை. வாசித்து முடித்தவுடன் உலர்ந்த பருத்தித் துணியால் மேலும் கீழும் அழுத்தித் துடைத்தால் போதும். டாடாரியோ நிறுவனத்தின் குரோம்ஸ் என்ற பட்டைக் கம்பி செட் ஒன்றை நான் வாங்கியபோது, வழக்கமான ரவுண்ட்வவுண்ட் செட்டைப்போல ஏறக்குறைய இருமடங்கு விலை கொடுத்தேன். ஆண்டுக்கு இரண்டு, மூன்று செட் மாற்றிய செலவு அதோடு நின்றுவிட்டதால், அந்த வித்தியாசம் முதல் ஆண்டிலேயே ஈடாகிவிட்டது.

அடுத்தது இழுவிசை. இதைத்தான் மிகவும் கவனிக்கச் சொல்வேன். உருண்டைக் கம்பிச் சுற்றுகளுக்கு இடையில் காற்று இருக்கிறது. பட்டைச் சுற்றில் அந்த இடத்தையும் உலோகமே நிரப்புகிறது. ஆகவே ஒரே தடிமனில் பட்டைக் கம்பி பெரும்பாலும் கனமாக இருக்கும். கிட்டாரின் அளவும் (கம்பி அதிரும் நீளம்) சுருதியும் மாறாதபோது, கம்பி எவ்வளவு கனமோ அவ்வளவு இழுவிசை. 34 அங்குல பேஸில் 41.2 ஹெர்ட்ஸில் அதிரும், நான்கில் மிகத் தடித்த ஈ கம்பிக்கும் இதே கணக்குதான். 45–105 ரவுண்ட்வவுண்ட் வாசித்துப் பழகியவர், 'தடிமன் கிட்டத்தட்ட அதேதானே' என்று 50–105 பட்டைக் கம்பி செட்டை மாட்டினால், இடது கை விரல்கள் முதல் பாட்டிலேயே அதை உணரும். கழுத்தும் முன்பக்கம் வளையும். முதன்முறை வாங்குபவருக்கு 45–100 செட்டே ஏற்றது. டாடாரியோ குரோம்ஸில் 45, 65, 80, 100 என்ற வரிசையும், ஃபெண்டர் 9050 வரிசையின் லேசான செட்டில் 45, 60, 80, 100 என்ற வரிசையும் கிடைக்கின்றன. தோமாஸ்டிக்–இன்ஃபெல்டின் ஜாஸ் ஃப்ளாட்ஸ் 43–100. கைக்கு மிக இளக்கமானது, விலையோ நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாதது. ஜேமர்சன் வாசித்த 52–110 செட்டை, கழுத்து உறுதியான கிட்டாரும் பழகிய கையும் இருந்தாலன்றிப் பரிந்துரைக்க மாட்டேன்.

இவற்றைவிடவும் மலிவாக, பெயர் தெரியாத செட்டுகள் இணையக் கடைகளில் வருகின்றன. அப்படி ஒன்றை ஒரு திருவிழாக் காலத்துக்கு முன் வாங்கினேன். உறையைப் பிரித்தபோது நான்கும் கண்ணாடியாக மின்னின. ஆனால் ஈ கம்பி, பிரிட்ஜில் அதைத் தாங்கும் சேடிலில் வளையும் இடத்தில் நாடாவின் விளிம்புகள் மயிரிழை அளவு பிரிந்து நின்றன. அந்த இடத்தைத் தடவினால் விரல் நுனியில் நெருடியது. பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும், அதே ஃப்ரெட்டில் அழுத்தி எழுப்பும் சுரமும், சேடிலைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளியும் ஒரே சுருதியில் சேரவில்லை. டி கம்பி தனியாக உறும, ஜி கம்பி அடங்கிப்போனது. விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். மலிவான செட்டுகள் எல்லாமே இப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாட்டிய அன்றே இந்தச் சோதனைகளைச் செய்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் வசதி இல்லாத இடத்தில் பெயர் தெரியாத செட்டை வாங்காதீர்கள். வெளிச்சத்துக்கு எதிரே வைத்துத் திறந்த கம்பியை மீட்டிப் பார்ப்பதும் உதவும்: நல்ல கம்பி இரு பக்கமும் ஒழுங்கான விளிம்போடு அதிரும், பழுதான கம்பி கோணலாகத் தள்ளாடும்.

மாட்டும் முறையிலும் அக்கறை வேண்டும். பட்டைக் கம்பியை வெட்டுவதற்கு முன், வெட்டும் இடத்துக்குச் சற்று முன்னால் செங்கோணமாக மடித்துக்கொள்ள வேண்டும். மடிக்காமல் வெட்டினால் சுற்று நழுவி, கம்பி முழுவதும் தளர்ந்துபோகக்கூடும். கம்பி முறுக்கிக்கொள்ளாமல் நேராக விழும்படி விட்டு, ட்யூனிங் கீயில் மேலிருந்து கீழாகச் சுற்ற வேண்டும். நுனியில் பட்டுநூல் சுற்றிய பகுதிதான் கீயில் சுற்றப்பட வேண்டும். பட்டை உலோகமே கீயில் மடங்கி ஏறினால் நாளடைவில் அங்கே விரிசல் விடும். ஆகவே வாங்கும்போதே நீளத்தைச் சரிபாருங்கள். 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் கிட்டாருக்கு 34 அங்குலக் கம்பி பொருந்தாது. உடலின் பின்புறமிருந்து கம்பி நுழையும் கிட்டார்களுக்குக் கூடுதல் நீளம் வேண்டும். மாட்டிய மறுநாள், முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்து, ஏழாம், எட்டாம் ஃப்ரெட்டில் எவ்வளவு இடைவெளி என்று பார்க்கிறேன். விசிட்டிங் கார்டு ஒன்று நுழையும் அளவைவிட அதிகமாக இருந்தால் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராடு என்ற தண்டைக் கால் சுற்று மட்டும் இறுக்கி, கழுத்து நிலைக்கு வர ஒரு நாள் விடுகிறேன்.

புதிய குரோம்ஸ், ஃப்ளாட்வவுண்ட் என்றே சொல்ல முடியாத அளவுக்கு முதலில் பிரகாசமாக ஒலிக்கும். இதைக் கேட்டு ஏமாற்றமடைந்து கழற்றிவிட்டவர்களை எனக்குத் தெரியும். பொறுக்க வேண்டும். சில வாரங்கள் தொடர்ந்து வாசித்தபின் அந்த மினுமினுப்பு அடங்கி, ஒலி கனிந்துவிடுகிறது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் பெரிதாக மாறுவதில்லை. அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கச்சேரியில், எங்களுக்கு வழக்கமாக மைக்செட் போடுகிறவர் இடைவேளையில் வந்து, "அண்ணே, இன்னைக்கு பேஸ்ல நான் கையே வைக்கலண்ணே, தானா நிக்குது" என்றார். கனிந்த கம்பியின் பயனுக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தேவைப்படவில்லை. கூம்பு ஒலிபெருக்கிகள் மட்டுமே கட்டப்பட்ட ஊர்களில் நிலைமை வேறு. அவை 41 ஹெர்ட்ஸை எட்டாது. அடிநாதத்தையே நம்பியிருக்கும் பட்டைக் கம்பி அங்கே காணாமல் போய்விடும். அப்படிப்பட்ட மேடைகளில் ஆம்பில் லோ குமிழைக் குறைத்து, மிட்டைச் சற்று உயர்த்தி, பிரிட்ஜுக்கு அருகே மீட்டினால் சுரம் கேட்கிறது.

கட்டைவிரலால் கம்பியை அடித்து வாசிக்கும் ஸ்லாப் வாசிப்புக்கு இக்கம்பிகள் சரிவரா. புதுப் பாடல்களின் கரகரப்பான பேஸ் ஒலியும் இவற்றில் வராது. அவையே உங்கள் கச்சேரியில் பெரும்பகுதி என்றால் ரவுண்ட்வவுண்டே வைத்துக்கொள்ளுங்கள். தேவாலயத்தில் ஆர்கனோடும் பாடகர் குழுவோடும் வாசிப்பவருக்கும், ஃப்ரெட்கள் இல்லாத (ஃப்ரெட்லெஸ்) கிட்டாரின் மரப்பலகை தேயாமல் இருக்க வேண்டும் என்பவருக்கும் தயக்கமே வேண்டாம்.

கம்பியை எப்போது மாற்றுவது என்று அடிக்கடி கேட்கிறார்கள். நான் நாட்களை எண்ணுவதில்லை. திருவிழாக் காலம் தொடங்கும் முன்பு பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ட்யூனரை வைத்து நான்கு கம்பிகளையும் சோதிக்கிறேன். விளிம்பு பிரிந்திருக்கிறதா, துரு ஏறியிருக்கிறதா என்று பிரிட்ஜ் ஓரத்தைத் தடவிப் பார்க்கிறேன். இரண்டிலும் தேறினால் கம்பி தொடர்கிறது. தேறாவிட்டால் செட்டையே மாற்றிவிட்டு, கழற்றியவற்றில் நல்ல நிலையிலுள்ள கம்பிகளைப் பெரிய வளையமாகச் சுருட்டி, மேடையில் ஏதாவது அறுந்தால் மாட்டிக்கொள்ளக் கிட்டார் பையில் போட்டுவைக்கிறேன்.