மாதம் ஓர் இதழா, ஆண்டுக்கு மூன்று குண்டு புக்கா?

ஆண்டுக்கு 1,200 ரூபாய் காமிக்ஸுக்கென்று ஒதுக்க முடிகிற ஒரு வாசகரை எடுத்துக்கொள்வோம். வேலூரிலோ குடியாத்தத்திலோ இருக்கிறார், மாதச் சம்பளக்காரர். பதிப்பாளர் அந்தப் பணத்தை அவரிடம் இரண்டு விதமாகக் கேட்கலாம். 100 ரூபாய்க்கு ஓர் இதழ் என்று மாதாமாதம் கேட்கலாம், அல்லது 400 ரூபாய்க்கு ஒரு குண்டு புக், அதாவது பல பாகங்களோ கதைகளோ சேர்ந்த தடித்த புத்தகம், என்று ஆண்டுக்கு மூன்று தடவை கேட்கலாம். கூட்டிப் பார்த்தால் தொகை ஒன்றுதான், பக்கங்களும் ஏறக்குறைய சமமாகவே வரும். ஆனாலும் அவர் வாங்குகிற விதம் மாறிவிடும். 100 ரூபாய் இதழ் என்றால் அட்டையைப் பார்த்ததும் எடுத்துவிடுவார். 400 ரூபாய் என்றால் வீட்டில் கேட்க வேண்டும், அந்த மாத மளிகை, கேஸ், ஸ்கூல் வேன் எல்லாவற்றோடும் அது போட்டி போட வேண்டும்.

விலையை மட்டும் வைத்து இதைப் பேசினால் பாதிதான் பேசியதாகும் என்பது என் கருத்து. தமிழ் காமிக்ஸ் வாசகர்கள் விலை ஏற்றத்தைத் தாங்கியிருக்கிறார்கள். இதழ் எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

நம்மிடமே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. 1984 ஜூலையில், ஒரே மாதத்தில், இரண்டு காமிக்ஸ்கள் தொடங்கின. ஒன்று தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ், மற்றொன்று சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸ். லயனுக்கு மூத்த சகோதர இதழான முத்து காமிக்ஸ் 1972-லேயே இரும்புக்கை மாயாவி என்ற நாயகனோடு வந்துவிட்டது. ராணி காமிக்ஸின் தொடக்க விலை 1 ரூபாய் 50 காசு, மாதம் இருமுறை வெளியீடு. ராணி வார இதழ் போகிற பெட்டிக்கடைக்கெல்லாம் இதுவும் போனது. வேலூர் அப்போது பிரிக்கப்படாத வட ஆற்காட்டின் தலைநகர். திருவண்ணாமலையும் திருப்பத்தூரும் இதே மாவட்டம்தான். பஸ் நிற்கிற சிற்றூர்களில்கூட கயிற்றில் க்ளிப் மாட்டித் தொங்கிய புத்தகம் அது. 1 ரூபாய் 50 காசைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வீட்டில் கேட்டு வாங்குவது ஒரு பள்ளிக்கூடப் பையனால் முடிகிற காரியம். 2005-ல் நிற்கும் வரை 500 இதழ்கள் வந்தன.

லயனின் பாதை வேறு. மாத இதழ், அதோடு கோடை மலர், தீபாவளி மலர் என்று கொழுத்த சிறப்பிதழ்கள். பக்கக் கணக்குக்குள் அடக்க வேண்டிய கட்டாயம் ராணியில் அதிகம், நீண்ட கதைகள் அங்கே சுருங்கின. லயனில் கதைக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. சின்ன வயதில் இரண்டையும் படித்தவர்களிடம் இன்று பேசினால், ராணியைப் பற்றிச் சொல்லும்போது கடையும் தேதியும் நினைவுக்கு வரும், லயனைப் பற்றிச் சொல்லும்போது கதையும் கதாநாயகனும் வருவார்கள். அடிக்கடி வருகிற மலிவு இதழும் எப்போதாவது வருகிற கனமான இதழும் வாசகர் மனதில் பிடிக்கிற இடங்கள் இப்படி வேறுபடுகின்றன.

2000-களில் நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். லயன், முத்து என்ற சிவகாசி இதழ்களின் விலை அப்போது 10 ரூபாய்தான். அந்த விலையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இதழ்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தது, அடுத்தது எந்த மாதம் என்று கணிக்க முடியவில்லை. கடைக்காரரிடம் கேட்டால் "கட்டு இன்னும் வரல நைனா" என்பார். இரண்டு மூன்று தடவை இந்தப் பதிலைக் கேட்டவர் நான்காவது தடவை கேட்பதில்லை. யாரும் கேட்காத சரக்குக்குக் கடைக்காரரும் கயிற்றில் இடம் விட மாட்டார், அந்த இடத்தில் ஷாம்பு பாக்கெட் தொங்கும். 10 ரூபாய் என்ற விலையால் அந்த வாசகரைப் பிடித்துவைக்க முடியவில்லை.

அப்புறம் 2012 ஜனவரியில் லயன் 'கம்பேக் ஸ்பெஷல்' வந்தது, விலை 100 ரூபாய். பத்து மடங்கு! பெரிய அளவு, வண்ணம், நல்ல தாள். 2013 ஜனவரியில் முத்து காமிக்ஸின் 'நெவர் பிஃபோர் ஸ்பெஷல்' 400 ரூபாய்க்கு வந்தது. விலை இப்படித் தாவியும் வாசகர்கள் திரும்பி வந்தார்கள். ஆண்டு அட்டவணை முன்கூட்டியே கைக்குக் கிடைத்ததும், மாதாமாதம் இதழ்கள் அடங்கிய கூரியர் டப்பா வந்து சேர்ந்ததும்தான் அதற்குக் காரணம் என்று நம்புகிறேன். வண்ணம் அவர்களைக் கூப்பிட்டது, ஒழுங்குதான் தங்கவைத்தது.

ஆனால் திரும்பி வந்தவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். எண்பதுகளில் பையன்களாக இருந்தவர்கள்தான் சம்பாதிக்கிற ஆட்களாக வந்தார்கள். இன்று ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒரு வேலூர் சத்துவாச்சாரிப் பையன் தன் கைக்காசில் 100 ரூபாய் இதழ் வாங்குவான் என்று எதிர்பார்க்க முடியாது. அப்பா வாங்கினால் உண்டு. இந்த இழப்பு சின்னதல்ல. பையனே போய் வாங்குகிற பழக்கம் ஒரு தலைமுறைக்கு அறுந்துபோனது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

பழைய விலைக்கு ஏன் திரும்ப முடியாது என்பதற்கும் காரணம் உண்டு. வெளிநாட்டுப் பதிப்பகத்துக்குக் கட்டும் உரிமைத் தொகை, மொழிபெயர்ப்பு, எழுத்து பதிப்பது, அச்சுக்குப் பிளேட் போடுவது, எல்லாம் ஆயிரம் பிரதிக்கும் பத்தாயிரம் பிரதிக்கும் ஏறக்குறைய ஒரே செலவு. பிரதிகள் குறைந்தால் தலைக்கு விழும் பங்கு கூடும். விலை கூடினால் பிரதிகள் இன்னும் குறையும். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர ஒரு நல்ல வழி கறுப்பு-வெள்ளை. டெக்ஸ் வில்லர் என்ற கௌபாய் நாயகனின் கதைகளை இத்தாலியில் 1948-லிருந்து போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அங்கே முக்கியமான மாத இதழ் இன்றைக்கும் கறுப்பு-வெள்ளைதான், நூற்றுப் பத்துப் பக்கத்துக்குக் குறையாமல், பத்திரிகைக் கடையில் கிடைக்கிறது. கோடுகளின் அழகுக்காகவே வரையப்பட்ட கதைக்கு வண்ணம் பூசி விலை ஏற்றத் தேவையில்லை. நம்மூர் வாசகர்களிலும் டெக்ஸ் என்றால் வண்ணம் கேட்காமல் வாங்குகிறவர்கள் நிறையப் பேர்.

சரி, குண்டு புக்கின் பக்கமும் நியாயம் இருக்கிறது. இரத்தப் படலம் அதற்குத் தகுந்த உதாரணம். நினைவிழந்த ஒருவன் தன்னைத் தானே தேடுகிற கதை. பெல்ஜியத்தில் 1984-ல் தொடங்கி ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆல்பங்களாக வந்தது. தமிழில் துண்டு துண்டாக, நீண்ட இடைவெளிகளோடு படித்தோம். யார் யாருக்கு மாமன், யார் சதிகாரன் என்று நினைவில் வைத்துக்கொள்ளவே முடியாது. கதாநாயகனுக்கு இருந்த மறதி வாசகருக்கும் வந்துவிடும். 2010-ல் 18 பாகங்களும் சேர்ந்து 200 ரூபாய்க்குக் கறுப்பு-வெள்ளையில் ஒரே புத்தகமாக வந்தபோதுதான் பலருக்குக் கதையே முழுதாகப் புரிந்தது. இப்படிப்பட்ட கதையை மாதாமாதம் அறுத்துத் தருவது கதைக்கே செய்கிற கேடு. இதற்கு 400 என்ன, அதற்கு மேலும் கொடுக்கலாம்.

ஆனால் எல்லாக் கதைக்கும் அந்தத் தகுதி இல்லை. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கு கதைகளைச் சேர்த்துக் கட்டி ஸ்பெஷல் என்று தந்தால், வாசகர் இரண்டைப் படித்துவிட்டு மிச்சத்தை அலமாரியில் வைத்துவிடுகிறார். அடுத்த குண்டு புக் வரும்போது பழையது முடியவில்லையே என்ற தயக்கம் வருகிறது. இன்னொரு பக்கம், தீர்ந்துபோனால் பழைய புத்தகச் சந்தையில் பல மடங்கு விலை சொல்வார்களே என்ற பயத்தில் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பயத்தில் வாங்கியது பெரும்பாலும் பிரிக்கப்படாமலே கிடக்கும். மாத இதழ் அப்படிக் குவிவதில்லை, ஒரு ராத்திரியில் முடிந்துவிடும்.

அமெரிக்காவில் இந்தச் சிக்கல் வேறு வடிவத்தில் இருக்கிறது. இருபது பக்கச் சொச்சம் கதை உள்ள மாத இதழ் பல காலம் 3.99 டாலருக்கு விற்றது. ஐந்தாறு இதழ்கள் சேர்ந்து சில மாதத்தில் தொகுப்பாகவும் வரும் என்று வாசகருக்குத் தெரியும். அதனால் பலர் தொகுப்புக்காகக் காத்திருக்கிறார்கள், மாத இதழின் விற்பனை சரிகிறது, சில தொடர்கள் பாதியிலேயே நின்றுவிடுகின்றன. ஜப்பானில் வாராந்தர இதழ் மலிவுத் தாளில் வருகிறது, படித்துவிட்டுத் தூக்கிப் போடுகிறார்கள், பிடித்த தொடரை மட்டும் தனி நூலாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அங்கே வாசகர் கூட்டம் பெரிது, இரண்டும் பிழைக்கும். தமிழில் இதழையும் அதே கதையின் தொகுப்பையும் ஒரே ஆளிடம்தான் விற்க வேண்டும். அது அவருக்குப் பாரம்.

சந்தாவா, கடையா என்ற இன்னொரு போட்டியும் இதோடு பின்னிக் கிடக்கிறது. சந்தா கட்டினால் பதிப்பாளருக்கு எத்தனை பிரதி அடிக்க வேண்டும் என்று தெரியும், காகிதத்துக்குப் பணமும் முன்கூட்டியே கிடைக்கும். ஆனால் மொத்தப் பணத்தையும் ஒரே நேரத்தில் கட்ட வேண்டும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவருக்கு மாதம் 100 வலிக்காது, பொங்கல் செலவோடு மொத்தமாக ஒரு தொகை என்றால் வலிக்கும். இரண்டு தவணை வைத்தால்கூட நிறையப் பேர் உள்ளே வருவார்கள்.

அதைவிட முக்கியமானது கூரியர். சிவகாசியிலிருந்து காட்பாடிக்கு ஓர் ஒல்லி இதழை அனுப்பக் கூரியருக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 100 ரூபாய் இதழ் வீட்டுக்கு வரும்போது 150 ஆகிறது. அதனால் அந்த மாதத்து இதழ்கள் இரண்டு மூன்றை ஒரே டப்பாவில் சேர்ப்பது இயல்பு. அப்போது மாதம் 100 என்று தொடங்கிய கணக்கு மாதம் 200, 300-ல் வந்து நிற்கும், மாத இதழின் அனுகூலமே போய்விடும். இங்கே கடைதான் ஜெயிக்கிறது. கட்டாக வந்தால் பிரதிக்கு விழும் செலவு குறைவு, வாசகரும் புரட்டிப் பார்த்து வேண்டியதை மட்டும் எடுக்கலாம்.

வேலூரில் அப்படிப்பட்ட கடைக்கு இடமும் இருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிற நோயாளிகளோடு துணைக்கு வந்தவர்கள் நாள் முழுக்கக் காத்திருக்கிறார்கள். காட்பாடி ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் எந்நேரமும் உண்டு. இவர்கள் யாரும் 400 ரூபாய்ப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள், மூன்றாம் பாகத்திலிருந்து தொடங்கும் கதையையும் எடுக்க மாட்டார்கள். கறுப்பு-வெள்ளையில், ஒரே இதழில் முடிகிற கதை, 60 அல்லது 80 ரூபாய், ஒவ்வொரு மாதமும் சம்பளம் வந்த முதல் வாரத்தில் கடையில் தொங்க வேண்டும். தொடர்கதைகளைச் சேர்த்து ஆண்டுக்கு ஒரே ஒரு குண்டு புக், அதுவும் மாவட்டப் புத்தகத் திருவிழா நேரத்தில், முன்பதிவோடு. நான் பதிப்பாளராக இருந்தால் இப்படித்தான் பிரிப்பேன்.

வாசகராக இன்றைக்குச் செய்ய முடிந்ததும் ஒன்று உண்டு. ஒரே ஊரில் இருக்கும் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே முகவரிக்கு ஒரே டப்பாவாக வரவழைத்தால் கூரியர் செலவு ஆளுக்கு நன்றாகக் குறைந்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் ஒரே இதழில் முடிகிற டெக்ஸ் கதை ஒன்றை வாங்கட்டும். பிடித்தால் இன்னும் இரண்டு மூன்று மாதம் தொடரட்டும். சந்தாவைப் பற்றி அடுத்த ஆண்டு யோசித்துக்கொள்ளலாம்.