‘1000 வாற்று’ வளர்ப்பு லைற்: வாங்க முன்னம் இதை வாசியுங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் வீட்டுக்குள் சலாது, நாற்று வளர்க்கத் தொடங்கியிருக்கிறவர்கள் இதைத் தயவுசெய்து முழுதாக வாசியுங்கள். வாகனத்தில் லைற் கொண்டுவந்து, ஆள் வைத்துப் பூட்டியும் தருகிற ஒரு வியாபாரியிடம் எங்கள் காசு போனது. காசு போனதைவிட அவர்கள் செய்துவிட்டுப் போன வயரிங்தான் என்னை இப்போதும் பதற வைக்கிறது.

வெளியில் சலாது வைத்தால் சித்திரை, வைகாசி வெக்கைக்கு பூத்தண்டு எழும்பி இலை கைத்துவிடும். தப்பியதைக் குரங்கும் மயிலும் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் பின் அறையை அடைத்து, ஏசி போட்டு, இரும்புத் தட்டுகள் அடுக்கி, ஆறு எல்.ஈ.டி லைற் வாங்கினோம். பெட்டியில் பெரிய எழுத்தில் 1000 வாற்று. “ஒரு லைற் அஞ்சடிக்கு அஞ்சடி தாராளமாக் காணும் அக்கா. வயரிங் ஒண்டும் மாத்தத் தேவையில்லை, இருக்கிற பிளக்கிலயே ஆறையும் குத்தலாம்” என்றார்.

இந்த இரண்டு பேச்சும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது. ஆறு லைற்றும் உண்மையிலேயே 1000 வாற்று என்றால் மொத்தம் 6000. அதை 230 வோல்ற்றால் பிரித்தால் 26 அம்பியர். எங்களைப் போன்ற வீடுகளுக்கு வருகிற சாதாரண லைனே 30 அம்பியர்தான். ஏசி, பிரிட்ஜ், தண்ணி மோட்டர் எல்லாம் அதற்குள்தான் ஓட வேண்டும். ஒரு 13 அம்பியர் பிளக் தாங்குவது ஏறக்குறைய 3000 வாற்று. ஆறு லைற்றும் அந்த ஒரு பிளக்கில் பிரச்சினையில்லாமல் எரிந்தால், பெட்டியில் இருக்கிற இலக்கம் பொய் என்றுதான் அர்த்தம்.

பயிரும் அதைத்தான் காட்டியது. சலாது வெளிச்சத்தைத் தேடி நெட்டையாகப் போய்ச் சாய்ந்தது. பிறகு வீட்டு மீற்றரை வைத்தே சோதித்தோம். இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. இலத்திரனியல் மீற்றரில் சின்ன வெளிச்சம் ஒன்று மின்னும், ஒரு யூனிற்றுக்கு எத்தனை தரம் மின்னும் என்று அதிலேயே எழுதியிருக்கும். 1600 என்று இருக்கிறது என்று வையுங்கள். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு லைற்றை மட்டும் போட்டால், 1000 வாற்று என்றால் இரண்டேகால் செக்கனுக்கு ஒரு தரம் மின்ன வேண்டும். எங்களுடையது கிட்டத்தட்ட 20 செக்கனுக்கு ஒரு தரம் மின்னியது. அப்படியென்றால் 110 வாற்று. வியாபாரி நிற்கும்போதே, காசு கொடுக்க முன்னம் இதைச் செய்யுங்கள்.

கேட்டால், “அது பழைய பல்ப்பின்ர 1000க்குச் சமன்” என்பார்கள். நம்பாதீர்கள். பயிருக்கு உதவும் ஒளியை மைக்ரோமோல் என்ற அளவில்தான் கணக்கிடுவார்கள். நல்ல எல்.ஈ.டி கூட ஒரு வாற்றுக்கு செக்கனுக்கு இரண்டரை, மூன்று மைக்ரோமோல்தான் தரும். சலாதுக்கு இலை மட்டத்தில் ஒரு சதுர மீற்றருக்குச் செக்கனுக்கு 200 மைக்ரோமோலுக்குக் குறையாமல் நாளுக்கு 16 மணித்தியாலம் வேண்டும். 110 வாற்று லைற் ஒன்று ஒரு சதுர மீற்றரைச் சமாளித்தாலே பெரிய விஷயம். அஞ்சடிக்கு அஞ்சடி என்பது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

போனில் லக்ஸ் அளந்து காட்டுவதும் ஒரு வித்தை. லைற்றுக்கு நேர் கீழே, ஒரு சாண் தூரத்தில் போனைப் பிடித்தால் எந்த லைற்றும் பெரிய இலக்கம் காட்டும். லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அளவு, பயிருக்கானது இல்லை. வெள்ளை லைற் என்றால் லக்ஸை 70ஆல் பிரித்து மைக்ரோமோலை ஓரளவு மட்டுக்கட்டலாம். ஆனால் இலை இருக்கிற உயரத்தில், தட்டின் மூலைகளிலும் அளக்கச் சொல்லுங்கள்.

சரி, இப்போது ஆபத்தான விஷயத்துக்கு வருகிறேன். லைற் பூட்டிய அன்றே ட்ரிப் சுவிச் விழுந்துகொண்டே இருந்தது. லைற்றின் உடம்பு உலோகம், அதை இரும்புத் தட்டில் சங்கிலியால் தொங்கவிட்டிருந்தார்கள், தட்டு நின்றது ஈரச் சீமெந்து நிலத்தில். ஒரு லைற்றில் மின்சாரம் கசிந்தது. ட்ரிப் சுவிச் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அவர்களுடைய ஆள் அதைக் கழற்றிவிட்டு வயரை நேராக இணைத்துவிட்டு, “இனி விழாது” என்று சொல்லிப் போய்விட்டார். ஏர்த் வயரும் கொடுக்கவில்லை. ஈரக் கையோடு தட்டைத் தொட்ட என் தங்கச்சியின் மகன் தூக்கி எறியப்பட்டான். பிள்ளை தப்பியது கடவுள் செயல். வெறும் 30 மில்லி அம்பியர் கசிவுக்கே விழுகிற அந்தச் சுவிச்சை யார் கழற்றினாலும் விடாதீர்கள். அது விழுந்தால் காரணத்தைத் தேடுங்கள்.

இதோடு முடியவில்லை. ஆறையும் ஒரு சின்ன ரைமரில் கொடுத்திருந்தார்கள். எல்.ஈ.டி லைற் போடும் கணத்தில் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். ஆறும் ஒரேயடியாக இழுத்ததில் ரைமருக்குள் இருக்கும் தொடுமுனை ஒட்டிப்பிடித்து, லைற் இரவு பகலாக எரிந்தது. எங்கள் ஊர் எலக்ட்ரீசியன் வந்து கொன்ராக்ரர் என்கிற, பெரிய சுமையைத் தாங்கிப் போட்டு நிறுத்தும் சுவிச் ஒன்று வைத்து, அறைக்கென்று மெயின் சுவிச் பெட்டியிலிருந்து தனி லைன் இழுத்து, ஏர்த் கம்பி அடித்த பிறகுதான் நிம்மதி. வீட்டுத்திட்ட வீடுகளில் இருப்பவர்கள் இந்தத் தனி லைன் செலவையும் முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

இரண்டு லைற் எரியாமல் போனபோது, “மின்னல் அடிச்சிருக்கும், வாரண்டி இல்லை” என்றார் வியாபாரி. அது மழையே இல்லாத ஆடி மாதம். இப்போது போனும் எடுப்பதில்லை. நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அவர்களுடைய இலக்கம் 1977. பற்றுச்சீட்டில் அவர் ‘லைற் 6’ என்று மட்டும் எழுதியிருப்பதுதான் இப்போது எங்களுக்கு இடைஞ்சல். நீங்கள் வாங்கினால் உண்மையில் இழுக்கும் வாற்று, மாதிரி இலக்கம், வாரண்டிக் காலம் மூன்றையும் சீட்டில் எழுதி ஒப்பம் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் பெட்டியைப் பிரிக்கவே விடாதீர்கள்.