கைமாற்று என்று வாங்கி, காணிக்கை என்று சொல்லிவிட்டார்கள்: என் 4,20,000 ரூபாய்

நான் போய்க்கொண்டிருந்த சபையில், கட்டிட வேலைக்கென்று என்னிடம் கைமாற்றாக வாங்கிய 4,20,000 ரூபாயைத் திரும்பத் தர முடியாது என்று நேற்று ராத்திரி முடிவாகச் சொல்லிவிட்டார்கள். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் போடப் போவதில்லை. சென்னைப் புறநகரில், எந்தப் பேராயத்தோடும் சேராத ஒரு தனிச் சபை. எல்லாத் தனிச் சபையும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை.

நான் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். இங்கே வந்த புதிதில் வீட்டுக்காரர் டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இந்தச் சபை பாஸ்டரின் மனைவி, பாஸ்டரம்மா, தூக்குவாளியில் கஞ்சியும் பருப்புத் துவையலும் கொண்டுவந்து, ராத்திரி முழுக்க வராண்டா பெஞ்சில் என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சொந்த நாத்தனாரே எட்டிப் பார்க்காத நேரம் அது. அப்படி ஒருவர் கூப்பிட்டால் யார்தான் போகமாட்டார்கள்?

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. நகை உலகத்துக்குரியது என்றார்கள், கழற்றிய கம்மல் காணிக்கைப் பெட்டிக்குப் போனது. ஊர்க் கோவில் அசன விருந்துக்குப் போகக் கூடாது, அங்கே இருப்பவர்கள் பெயர்க் கிறிஸ்தவர்களாம். சித்தி மகள் கல்யாணத்துக்குப் போகக்கூட பாஸ்டர் ஐயாவிடம் உத்தரவு வாங்க வேண்டும். வேதத்தைத் தனியாக உட்கார்ந்து ஆராயாதே, பிசாசு குழப்புவான் என்பார்கள்.

அப்பா நிலத்தை விற்றதில் என் பங்கு 4,20,000 வந்தது. சபையில் எழுந்து சாட்சி சொல்லும் நேரத்தில் சந்தோஷமாக அதைச் சொன்னேன். அடுத்த ஞாயிறே, வேதத்தில் வரும் அனனியா, சப்பீராள் என்ற புருஷன் பெண்டாட்டியைப் பற்றிப் பிரசங்கம்: நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்தார்கள், விழுந்து செத்தார்கள். முடிந்ததும் ஐயா என்னிடம் வந்தார். "கர்த்தர் யாரோடு பேசினார், தெரிகிறதா சகோதரி? கைமாற்றாகக் கொடுங்கள். உங்கள் பையன் காலேஜ் சேரும்போது முழுசாக வந்துவிடும்."

"எழுதி வாங்கிக்கலாமா ஐயா?" என்றேன்.

"ஊழியக்காரனிடமா?" என்று சிரித்தார். பாஸ்டரம்மா என் தோளில் கை வைத்தார். ரொக்கமாக எண்ணிக் கொடுத்தேன்.

காலேஜ் பீஸ் கட்டும் நேரம் வந்தது. ஐயா உபவாச ஜெபத்தில் இருக்கிறார் என்றார்கள். அடுத்த வாரம் ஊழியத்துக்காக வெளியூர். பிறகு, கமிட்டியில் கேட்க வேண்டும். அப்படி ஒரு கமிட்டி இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்! விடாமல் கேட்டதும், எனக்குள் கலகத்தின் ஆவி இருக்கிறது என்று பிரசங்க மேடையிலேயே சொன்னார். வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கினார்கள். அன்றோடு சபையை விட்டேன். நேற்று போனை எடுத்தவர் பாஸ்டரம்மாதான். "தேவனுக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறது அனனியா பாவம்மா." கஞ்சி கொண்டுவந்த அதே அம்மா. 4,20,000 ரூபாய்!

வெளியே வந்த பிறகு ஜெபிக்கவே பயமாக இருந்தது. பையனுக்குக் காய்ச்சல் வந்தால்கூட சாபமோ என்று நடுங்குவேன். அந்தப் பயத்திலேயே ஒருநாள் வேதத்தில் அந்தக் கதை வரும் அப்போஸ்தலர் 5-ஐ நானே எடுத்துப் படித்தேன். நாலாம் வசனத்தில் பேதுரு அனனியாவிடம் கேட்கிறார்: விற்குமுன் நிலம் உன்னுடையதுதானே, விற்ற பிறகும் பணம் உன் கையில்தானே இருந்தது? பொய் சொன்னதுதான் அங்கே குற்றம். இத்தனை வருடப் பிரசங்கத்தில் இந்த வசனத்தை ஒருதரம் வாசித்திருப்பாரா? கட்டாயமாய்க் கொடுக்க வேண்டாம் என்று 2 கொரிந்தியர் 9:7-இலும் இருக்கிறது. யாரும் விளக்கம் சொல்லாமல் தினமும் ஒரு அதிகாரம் படிக்கிறேன். புரியாவிட்டால் புரியவில்லை என்றே ஜெபிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து சி.எஸ்.ஐ. கோவிலில் கடைசி பெஞ்ச். காணிக்கைப் பையில் பத்து ரூபாய் போடுகிறேன், ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எவ்வளவு நிம்மதி தெரியுமா!

எப்படித் தப்பிக்கலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் வருகிறது. ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், பேங்க் வழியாகவே அனுப்புங்கள். கடன் என்றால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி ப்ரோநோட் (கடன் உறுதிச் சீட்டு) வாங்குங்கள், யாராக இருந்தாலும் சரி. சபை டிரஸ்டா, பதிவு பெற்ற சங்கமா என்று கேளுங்கள், வரவு செலவுக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். கோபப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கைமாற்றுப் பணத்துக்கு வழக்குப் போட பொதுவாக 3 வருடம்தான் கெடு என்றார்கள். எனக்கு இன்னும் சில மாதம் மிச்சமிருக்கிறது, திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கிறேன். அதே சபையில் இப்படிக் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் கூட வாருங்கள்.