கோலாலம்பூரில் மார்பகப் புற்றுநோய்த் திசு ஆய்வுப் பயிற்சி: ஒரு மதிப்பீடு

மலேசியாவில் நான்காண்டு முதுநிலைப் படிப்பை முடித்து நோயியல் நிபுணராக, அதாவது திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்து நோயைக் கண்டறியும் மருத்துவராகப் பணியில் சேர்ந்தவர், காலையில் குடல்வால், மதியம் தைராய்டு, மாலையில் மார்பகம் என்று எல்லா உறுப்புகளுக்கும் அறிக்கை எழுத வேண்டியிருக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சையோ ஒவ்வோர் உறுப்பிலும் தனித்தனியே வெகு தூரம் சென்றுவிட்டது. இந்த இடைவெளியைக் கருத்தில் கொண்டு, ஏற்கெனவே நிபுணராக இருப்பவர்களுக்கென்றே கோலாலம்பூரில் நடத்தப்பட்ட மார்பகப் புற்றுநோய் உயர்நிலைப் பயிற்சியில் அண்மையில் கலந்துகொண்டேன். கட்டணம் குறைவன்று, மருத்துவமனையில் விடுப்பும் எளிதில் கிடைப்பதில்லை. போகலாமா என்று யோசிக்கும் மருத்துவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். தயங்காமல் போகலாம் என்பது என் கருத்து. குறைகளையும் பின்னர் சொல்கிறேன்.

மிகுந்த பயன் தந்தது, ஒரே ஸ்லைடைப் பலர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய பல்தலை நுண்ணோக்கியைச் சுற்றி அமர்ந்திருந்த நேரம்தான். ஒரு புற்றுக்கட்டியின் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிச் சோதனை ஸ்லைடைப் பயிற்றுநர் எங்கள் முன் வைத்தார். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிப் புரதம் இருந்தால், இச்சோதனையில் உயிரணுவின் கரு பழுப்பாகும். உயிரணுக்களின் கருக்கள் எல்லாம் நீலமாகவே இருந்தன. பழுப்பு நிறம் ஒரு துளியும் இல்லை. ‘நெகட்டிவ்’ என்று பலரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர் மறுத்தும் பேசவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஸ்லைடை மெல்ல நகர்த்திக் கட்டியின் ஓரத்தில் இருந்த இயல்பான பால்நாளத்தைக் காட்டினார். அங்கே சில கருக்களாவது பழுப்பேறியிருக்க வேண்டும்; அதுவும் முழுக்க நீலமாக இருந்தது. சோதனையே வேலை செய்யவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. 1 விழுக்காடு உயிரணுக்களில் நிறம் தெரிந்தாலே அந்த ஏற்பியைப் பாசிட்டிவ் என்று எழுத வேண்டும் என்பது விதி. அப்படியிருக்க, இந்த ஸ்லைடை நம்பி நெகட்டிவ் என்று எழுதினால், பல ஆண்டுகள் தமொக்சிஃபென் போன்ற ஹார்மோன் தடுப்பு மருந்தை உட்கொண்டு பயன்பெற வேண்டிய ஒரு பெண்ணுக்கு அந்தச் சிகிச்சையே மறுக்கப்பட்டுவிடும்.

காரணத்தைத் தேடிப் பின்னோக்கிச் சென்ற விதம் இந்தப் பயிற்சியின் தரத்துக்குச் சான்று. அகற்றிய மார்பகத்தை அறுக்காமல் முழுதாக, திசுவைக் கெடாமல் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டுவைத்தால், அந்தத் திரவம் மணிக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவே உள்ளே ஊடுருவும். வெளிப்புறம் பதப்பட்டிருக்க, நடுவில் உள்ள கட்டி கெட்டுக்கொண்டிருக்கும். ஆகவே அறுவை முடிந்து 1 மணி நேரத்துக்குள் கட்டியின் ஊடே வெட்டி ஃபார்மலினில் இட வேண்டும், அதில் 6 முதல் 72 மணி நேரம் வரை இருக்க வேண்டும் என்னும் நெறிமுறையை எல்லோரும் தேர்வுக்காகப் படித்திருப்போம். அதை மீறினால் நுண்ணோக்கியில் என்ன தெரியும் என்பதை இத்தனை தெளிவாக யாரும் எனக்குக் காட்டியதில்லை. தீபாவளிக்கோ நோன்புப் பெருநாளுக்கோ முந்தைய மாலையில் அறுவை நடந்தால் அந்த 72 மணி நேரம் எப்படிக் கடந்துபோகிறது என்பது இந்நாட்டில் பணிபுரியும் எவருக்கும் தெரியும்.

புற்றுநோய் உயிரணுக்களின் சவ்வில் உள்ள ஹெர்2 என்னும் புரதத்தின் அளவை 0 முதல் 3+ வரை மதிப்பிடும் பகுதியும் அதே அளவு கவனத்துடன் நடத்தப்பட்டது. முன்பு, புரதம் மிகுந்திருப்பதைக் காட்டும் 3+ என்பதுதான் பெரிய செய்தி. 2+ என்றால் மரபணுச் சோதனைக்கு அனுப்புவோம். 0, 1+ இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடுவோம். டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான் மருந்து, ஹெர்2 குறைவாக உள்ள பரவிய மார்பகப் புற்றுநோயிலும் வாழ்நாளை நீட்டிக்கிறது என்று 2022இல் வெளியான ஆய்வு காட்டிய பிறகு, அந்த இரண்டுக்கும் இடையே உள்ள கோடு நோயாளிக்கு முக்கியமாகிவிட்டது. 10 விழுக்காட்டுக்கு மேற்பட்ட உயிரணுக்களின் சவ்வில் மங்கலான, முழுமையற்ற நிறம் தெரிந்தால் 1+. அதற்குக் கீழே 0. எழுதிப் பார்க்க எளிது. மங்கல் என்பது எதுவரை என்ற கேள்வியில் ஒரே மேசையில் அமர்ந்திருந்த அனுபவசாலிகளே இரு பிரிவாயினர். அந்த விவாதத்தைப் பயிற்றுநர்கள் அவசரமாக முடித்துவைக்காமல், உயர் உருப்பெருக்கத்தில் மீண்டும் பார்க்க வைத்து, முடிவு முன்பே தெரிந்த கட்டுப்பாட்டு ஸ்லைடுடன் ஒப்பிட வைத்து, சந்தேகம் தீராதவற்றை இன்னொரு நிபுணரிடம் காட்டும் பழக்கத்தை வலியுறுத்தியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கணினி வழிப் படிம ஆய்வு குறித்த விரிவுரை அவசர கதியில் ஓடியது. அதை நீக்கிவிட்டு இன்னொரு நுண்ணோக்கி அமர்வை வைத்திருக்கலாம். இடவசதியிலும் உணவிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பெரிய குறை வேறு. திசுவைப் பதப்படுத்துவதும் நிறமேற்றுவதும் ஆய்வகத் தொழில்நுட்பர்களின் கையில் இருக்கிறது. அறுவை அரங்கிலிருந்து அது எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்பதைக் குறிப்பவர்கள் தாதியர். இவர்களில் ஒருவருக்கும் அழைப்பில்லை. நாங்கள் கற்றதை ஊர் திரும்பி அவர்களுக்கு எடுத்துச் சொல்வோம் என்று எதிர்பார்ப்பது, வேலைப்பளு நிறைந்த துறைகளில் நடக்கிற காரியமன்று. மேலும், பயிற்சி முடிந்ததும் தொடர்பும் முடிந்துவிட்டது. சில மாதங்கள் கழித்து அதே ஸ்லைடுகளை அனுப்பி எங்கள் மதிப்பீடு சீரடைந்திருக்கிறதா என்று பார்த்திருந்தால், செலுத்திய கட்டணத்துக்கு முழுப் பயனும் கிடைத்திருக்கும்.

முதுநிலைத் தேர்வை இப்போதுதான் முடித்தவர்கள் சற்றுப் பொறுத்து, மார்பக அறிக்கைகளைச் சொந்தப் பொறுப்பில் எழுதித் தடுமாறிய இடங்களைக் குறித்துக்கொண்டு செல்வது நல்லது. கேள்வியோடு வந்தவர்களே அங்கு அதிகம் பெற்றார்கள். பினாங்கு, ஈப்போ போன்ற ஊர்களிலிருந்து வருபவர்கள், ஒரே துறையிலிருந்து இருவராக வந்தால், திரும்பிய பின் ஒருவர் ஸ்லைடை மற்றவர் பார்க்கும் ஏற்பாட்டை உடனே தொடங்கலாம். ஆய்வகத் தொழில்நுட்பர்களுக்கென ஒரு நாளாவது ஒதுக்க வேண்டும் என்று கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்; அடுத்த முறை செல்பவர்களும் அதையே எழுதினால் ஏற்பாட்டாளர்கள் செவிசாய்க்க வாய்ப்புண்டு.