பாலைவனத்தில் ஆர்வி: டெத் வேலியா, ஜோஷுவா ட்ரீயா, அன்சா-பொரேகோவா, குவார்ட்சைட்டா?

ஆர்வி என்றால் படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் பயண வண்டி. வாடகைக்குக் கிடைக்கும் 25 அடி ஆர்வியில் நல்ல தண்ணீர் ஏறத்தாழ 40 கேலன் (சுமார் 150 லிட்டர்) பிடிக்கும். நான்கு பேர் உள்ள குடும்பம் அதை இரண்டு நாளில் காலி செய்துவிடும். நம் சமையல் என்றால் இன்னும் சீக்கிரம். அரிசி களைந்த தண்ணீர், குக்கர் கழுவிய தண்ணீர், பிள்ளைகள் கை கழுவியது என்று எல்லாம் சிங்க் வழியாக அழுக்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்ச் சேரும். அந்தத் தொட்டி நிரம்பிவிட்டால் குளிக்கும் இடத்தின் தரைத் துளை வழியாகச் சோற்றுப் பருக்கையோடு எதிர்த்து ஏறும். அதனால் கலிபோர்னியாவிலும் அதை ஒட்டிய அரிசோனாவிலும் எல்லோரும் பேசும் இந்த நான்கு இடங்களையும் நான் படங்களை வைத்து எடைபோடுவதில்லை. தண்ணீர் எங்கே, கழிவை இறக்கும் டம்ப் ஸ்டேஷன் எங்கே, கரண்ட் உண்டா, வண்டி உள்ளே நுழையுமா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அழகில் ஜோஷுவா ட்ரீயை அடித்துக்கொள்ள முடியாது. மொஹாவி, கொலராடோ என்று இரண்டு பாலைவனங்கள் சந்திக்கும் இடம் அது. ஆனால் ஆர்விக்காரர்களை அதிகம் படுத்தும் இடமும் அதுதான். பூங்காவுக்குள் எந்த கேம்ப்கிரவுண்டிலும், அதாவது வண்டியை நிறுத்தித் தங்கும் முகாமிலும், மின் இணைப்பு கிடையாது. பாறைகளுக்கு நடுவில் படுத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் ஆசைப்படும் ஜம்போ ராக்ஸ் கேம்ப்கிரவுண்டில் குழாய்த் தண்ணீரும் கிடையாது. ஹிடன் வேலி, வைட் டேங்க் கேம்ப்கிரவுண்டுகளுக்குப் போக நினைத்தால் வண்டி 25 அடிக்குள் இருக்க வேண்டும். தண்ணீரும் டம்ப் ஸ்டேஷனும் வேண்டுமானால் பிளாக் ராக் அல்லது காட்டன்வுட், இரண்டே இரண்டுதான்.

இன்னொரு சங்கடம் ஜெனரேட்டர். அங்கே அதை ஓட்ட அனுமதி காலை 7 முதல் 9, மதியம் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 வரை மட்டும். எலெக்ட்ரிக் ரைஸ் குக்கரை நம்பிப் போனால் இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு இல்லை. கேஸ் அடுப்பில் வைக்கும் பிரஷர் குக்கரைக் கொண்டுபோவது உத்தமம். ஜம்போ ராக்ஸ் 4,400 அடி உயரம். குளிர்கால இரவில் உறைநிலைக்கும் கீழே போகும். ஹீட்டர் எரிவது புரோப்பேனில் என்றாலும் அதன் விசிறி சுற்றுவது பேட்டரியில். விடியற்காலை நான்கு மணிக்கு பேட்டரி இறங்கிப்போனால் ஹீட்டரும் நின்றுவிடும், மறுபடி ஜெனரேட்டரைப் போட ஏழு மணிவரை காத்திருக்க வேண்டும்.

டெத் வேலி பெயரில்தான் பயங்கரம். ஆர்விக்கு ஜோஷுவா ட்ரீயைவிட இணக்கமானது. ஃபர்னஸ் க்ரீக் கேம்ப்கிரவுண்டில் 18 இடங்களில் மின்சாரம், தண்ணீர், கழிவு மூன்றுக்கும் இணைப்பு உண்டு. அவை சீக்கிரம் பதிவாகிவிடும். பக்கத்திலேயே சன்செட் கேம்ப்கிரவுண்ட்: ஜல்லி கொட்டிய பெரிய பார்க்கிங் மைதானம் மாதிரி இருக்கும், பார்க்க ஒன்றுமில்லை, ஆனால் எவ்வளவு பெரிய வண்டியும் நிற்கும். ஜெனரேட்டருக்கும் காலை 7 முதல் மாலை 7 வரை தாராளமான நேரம். கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் டிசம்பர் இரவுகூட ஜோஷுவா ட்ரீ அளவுக்கு நடுக்காது.

சிக்கல், சுற்றிப் பார்க்கக் கிளம்பும்போது வரும். ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ், டான்டேஸ் வியூ இரண்டிலும் 25 அடிக்கு மேற்பட்ட வண்டிக்கு அனுமதியில்லை. தனியாக ஒரு கார் கூட வந்தால் நிம்மதி. லாஸ் வேகஸிலிருந்து பாரம்ப் என்ற ஊர் வழியாக வந்தால் சாலை சுலபம், எரிபொருளும் மளிகையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். பள்ளத்தாக்குக்குள் விலை எக்கச்சக்கம். மேற்கே டவுன் பாஸ் என்ற கணவாய் வழியாக வந்தால் கிட்டத்தட்ட 5,000 அடி ஏறி இறங்க வேண்டும், எஞ்சின் திணறும். கோடையில் போவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்: 1913 ஜூலையில் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான இடம் அது. பல வாடகை நிறுவனங்கள் கோடை மாதங்களில் வண்டியை அங்கே கொண்டுபோகவே விடுவதில்லை.

குவார்ட்சைட் வேறு ரகம். அரிசோனாவில், கொலராடோ ஆற்றைத் தாண்டி 20 மைலில் இருக்கும் இந்தச் சிற்றூரைக் குளிர்காலத்தில் ஆர்விகள் முற்றுகையிட்டுவிடும். ஊருக்குத் தெற்கே லா போசா என்ற நீண்டகால முகாம் பகுதியில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்கலாம். பல வருடங்களாக சீசன் முழுவதற்கும் 180 டாலர், 14 நாளுக்கு 40 டாலர் என்று இருந்தது. போகும்முன் இப்போதைய கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர், டம்ப் ஸ்டேஷன், குப்பைத் தொட்டி எல்லாம் அதில் அடக்கம். சுற்றிலும் 14 நாள் இலவசமாகத் தங்கும் இடங்களும் உண்டு. ஓய்வுபெற்றவர்களுக்குச் சொர்க்கம். மூன்று நாள் லீவு கிடைத்த குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து 240 மைல் ஓட்டிப்போய்ச் சரளை மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் கை காட்டுவது அன்சா-பொரேகோ. கலிபோர்னியாவின் மிகப் பெரிய மாநிலப் பூங்கா, சான் டியேகோவிலிருந்து 90 மைலுக்குள். பொரேகோ பாம் கேன்யன் கேம்ப்கிரவுண்டில் முழு இணைப்புள்ள இடங்கள் இருக்கின்றன. மளிகைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் உள்ள பொரேகோ ஸ்பிரிங்ஸ் ஊர் இரண்டு மூன்று மைலில். இரவு வானத்தைக் காப்பதற்காகத் தெருவிளக்குகளையே அடக்கி வைத்திருக்கும் ஊர் அது. ஊருக்கு வெளியே காலெட்டா மெடோஸில் ரிக்கார்டோ பிரெசெடா வடித்த இரும்பு மாமூத்களும் டிராகனும் பிள்ளைகளை ஒரு அரைநாள் கட்டிப்போடும். மழை நன்றாகப் பெய்த வருடமானால் பிப்ரவரி, மார்ச்சில் தரை முழுக்கப் பூ. அந்த வாரங்களில் கூட்டமும் அப்படியே.

பூங்காவுக்குள் சாலையோரமாக இலவசமாகவும் தங்கலாம், தீ மூட்டினால் இரும்புத் தொட்டிக்குள் மூட்ட வேண்டும் என்பது விதி. அதற்கு முன் வாடகை ஒப்பந்தத்தை ஒருமுறை படியுங்கள். மண்சாலையில் வண்டி இறங்கினால் காப்பீடு செல்லாது என்று பெரும்பாலானவற்றில் இருக்கும். வெய்யில் மறைக்கும் பக்கவாட்டுப் பந்தலும் அதே கதைதான், காற்றில் கிழிந்தால் செலவு நம் தலையில்.

பொரேகோவுக்கு வழி கேட்டால் ஜிபிஎஸ் மான்டெசூமா மலைச்சாலையைக் காட்டலாம். பத்துப் பன்னிரண்டு மைலுக்குள் 3,000 அடிக்கு மேல் இறக்கம், பிரேக் சூடாகி வாசம் வரும். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கமிருந்து வருகிறவர்கள் இன்டியோ தாண்டி சால்டன் சிட்டியில் எஸ்-22 சாலையைப் பிடித்து மேற்கே திரும்புங்கள். கொஞ்சம் சுற்று, ஆனால் முக்கால்வாசி சமதரை.