சேலத்தில் டிரான்ஸ்பார்மர் வாங்குகிறவர்களே, ஸ்டிக்கரை நம்பாதீர்கள்

வீட்டில் சொந்தமாக சர்க்யூட் போடுகிறவர்களும், பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் சாமான் வாங்கித் தருகிற பெற்றோர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சேலம் டவுனில் ஒரு கடையில் '15 வோல்ட், 5 ஆம்ப், சுத்தக் காப்பர்' என்று சொல்லி எனக்கு விற்ற டிரான்ஸ்பார்மரில் காப்பரும் இல்லை, 5 ஆம்பும் இல்லை. காசு போனால் போகட்டும். அதை வைத்து வேலை செய்தது படிக்கிற பையன், அதுதான் எனக்கு ஆறவில்லை.

அக்கா பையன் டிப்ளமோ கடைசி வருடம். ப்ராஜெக்ட்டில் மோட்டார்களை ஓட்ட ஒரு பவர் சப்ளை வேண்டும் என்றான். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ், அதைச் சீராக்கும் பெரிய கெபாசிட்டர், வோல்ட்டை 12இல் நிறுத்தும் எல்எம்338 ரெகுலேட்டர், இவ்வளவுதான் சர்க்யூட். 5 ஆம்ப் டிரான்ஸ்பார்மரில் பிரிட்ஜும் கெபாசிட்டரும் போட்டால் டிசியில் 3 ஆம்ப் எடுப்பதுதான் நியாயம். நாங்கள் அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை. 2 ஆம்ப் லோடு கொடுத்ததுமே 12 வோல்ட் 9க்கு இறங்கி, மோட்டார் திணறியது. ரெகுலேட்டரை மாற்றினோம், கெபாசிட்டரை மாற்றினோம், எதற்கும் அசையவில்லை. அப்புறம் ஒரு கருகல் வாடை. "மாமா, கை வைக்க முடியல" என்றான் பையன். பியூஸ் போகவே இல்லை. போகாது, பிரைமரியில் (230 வோல்ட் வருகிற பக்கம்) ஓடிய கரண்ட் அளவுக்குள்தான் இருந்தது, அதைத் தாங்கும் கம்பிதான் உள்ளே இல்லை.

ஆறியதும் மஞ்சள் டேப்பைப் பிரித்தோம். வெளியே தெரிந்த லீட் ஒயர் நல்ல தடிமன், சிவப்பு உறை போட்டது. டேப்புக்குக் கீழே ஒரு அங்குலத்திலேயே அது முடிந்துவிட்டது. அதன் நுனியில் ஒரு மெல்லிய கம்பியை முறுக்கி வைத்து, மேலே டேப் சுற்றியிருக்கிறார்கள். பார்க்கக் காப்பர் நிறம்தான். பிளேடால் இனாமலைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை. ஈயம் வைத்துப் பார்த்தேன், ஒட்டாமல் உருண்டு ஓடியது. அலுமினியம். அதே தடிமனுள்ள காப்பர் கம்பியைவிட இதற்கு ரெசிஸ்டன்ஸ் சுமார் 1.6 மடங்கு. கேஜ் எண் கூடக் கூட கம்பி மெலியும். 5 ஆம்புக்கு 16 அல்லது 17 கேஜ் காப்பர் போட வேண்டிய இடத்தில் அலுமினியம், அதுவும் 21 கேஜ்!

இதைவிட மோசம், பிரைமரிக்கும் செகண்டரிக்கும் (15 வோல்ட் வெளியே வருகிற பக்கம்) நடுவே கரண்ட் தாண்டாமல் தடுக்கும் லெதராய்டு பேப்பர் ஒரே ஒரு சுற்று, அதுவும் ஓரத்தில் கருகியிருந்தது. அது முழுசாகப் போயிருந்தால் 230 வோல்ட் நேராக பையன் கை வைக்கிற பக்கம் வந்திருக்கும்.

கடைக்குக் கொண்டுபோனோம். "நீங்க ஓவர் லோடு குடுத்திருப்பீங்க சார், கரண்ட் சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாதுங்க" என்றார். சுரண்டிய கம்பியைக் காட்டினேன். "இந்த விலைக்கு இதுதான் சார் வரும்" என்று மெதுவாகச் சொல்கிறார். அப்படியென்றால் விற்கும்போது ஏன் காப்பர் என்றீர்கள் என்று கேட்டதற்கு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து சாமான் வாங்குகிற பிள்ளைகள் திரும்ப வந்து சண்டை போடவா முடியும்? அந்த தைரியத்தில்தான் இதை விற்கிறார்கள்.

வாங்குவதற்கு முன்னால் கையில் தூக்கிப் பாருங்கள். 75 விஏ (15 வோல்ட் x 5 ஆம்ப்) காப்பர் டிரான்ஸ்பார்மர் ஒரு கிலோவைத் தாண்டும். எனக்குக் கொடுத்தது முக்கால் கிலோகூட இல்லை. மீட்டரை மட்டும் வைத்து வோல்ட் காட்டினால் சரி என்று வாங்கிவிடாதீர்கள். லோடு இல்லாதபோது மட்டமான சரக்கும் 15க்கு மேலேயே காட்டும். பைக் ஸ்பேர்ஸ் கடையில் 12 வோல்ட் 21 வாட் பல்பு இரண்டு வாங்கி, பேரலலாகக் கொடுத்து, அது எரியும்போது அளந்து பாருங்கள். 15 வோல்ட்டில் கொஞ்சம் அதிகமாகப் பளிச்சிடும், ஒரு நிமிடம் தாங்கும். நல்ல டிரான்ஸ்பார்மர் ஒன்றரை வோல்ட் அளவுக்குத்தான் இறங்கும். எங்களுடையது 11க்கும் கீழே போனது. கடையிலேயே இப்படிப் பார்க்க விடமாட்டேன் என்றால் அங்கே வாங்க வேண்டாம். டவுனில் கண்ணெதிரே சுற்றித் தருகிற வைண்டிங்காரர்கள் இருக்கிறார்கள். கேஜ் சொல்லி, கம்பியைச் சுரண்டிப் பார்த்துச் சுற்றச் சொல்லுங்கள். இப்போது பையனிடம் இருப்பது அப்படிச் சுற்றியதுதான், ஒரு மணி நேரம் ஓடினாலும் வெதுவெதுப்போடு நிற்கிறது.

பில் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். 'பில் போட்டால் ஜிஎஸ்டி சேரும்' என்று வெறும் துண்டுச் சீட்டு நீட்டுவார்கள். காப்பர், 15 வோல்ட், 5 ஆம்ப் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எனக்குக் கிடைத்தது துண்டுச் சீட்டுதான். ஆனாலும் கூகுள் பேயில் பணம் போன விவரம், ஸ்டிக்கர் போட்டோ, பிரித்த கம்பியின் போட்டோ எல்லாம் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

இதே மாதிரி எடை குறைந்த டிரான்ஸ்பார்மர் யார் வீட்டிலாவது ஓடிக்கொண்டிருந்தால் இன்றைக்கே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ராத்திரி முழுக்க ஆனில் விடவே வேண்டாம். வைண்டிங் கடையில் 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) பிரைமரி, செகண்டரி இன்சுலேஷனைப் பார்த்துத் தரச் சொல்லுங்கள், சில நிமிட வேலைதான்.